முக்கால் ஜல்லி மலை

பக்கத்து பிளாக் நண்பர் லிஃப்ட்டில் கேட்டார். "சார், லீவுக்குப் பசங்களைக் கூட்டிக்கிட்டுப் போற மாதிரி, கிட்டக்க, ரொம்பக் கஷ்டமில்லாத மலையா ஒண்ணு சொல்லுங்களேன். பெரியவனுக்கு ஒன்பது, சின்னவளுக்கு அஞ்சு. காலையில ஏறி இறங்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்ந்துடணும்."

லிஃப்ட் அப்போது 11ஆவது மாடியைத் தாண்டிக்கொண்டிருந்தது. "நீங்க இப்பவே மலைமேலதான் ஏறிக்கிட்டிருக்கீங்க" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கூடுவாஞ்சேரியில் நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடி. அடுக்குமாடி என்றால் கான்கிரீட். கான்கிரீட் என்றால் முக்கால் பங்கு ஜல்லியும் எம்-சாண்டும். ஜல்லி வானத்திலிருந்து ஆலங்கட்டி மழையாகக் கொட்டுவதில்லை. எங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துக் குன்றுகளைக் காணோம் என்று சிலர் புலம்புவது அறியாமை. அவை எங்கேயும் போகவில்லை. வீடு மாறியிருக்கின்றன. முன்பு ஏரிக்கரைக்கு மேலே நின்றவை இப்போது இரண்டு பெட்ரூம், மூன்று பெட்ரூம், கார் பார்க்கிங் தனி என்று நிற்கின்றன.

ஆனால் கேட்டவர் நல்ல மனிதர். இ.எம்.ஐ. கட்டுகிறவரிடம் இதைச் சொன்னால் மனசு புண்படும். இரண்டு வாரம் டயம் கொடுங்கள் என்றேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அலைந்தேன். குழந்தை குட்டியோடு ஏறத் தோதான மலைகளைப் பற்றி நான் திரட்டிய ஞானம் அத்தனையும் கீழே.

முதல் மரியாதை தரைமட்ட மலைக்கு.

தரைமட்ட மலை எங்கள் வட்டாரத்தின் சொந்தக் கண்டுபிடிப்பு. இமயத்தில்கூடக் கிடையாது. ஏறும்போது மூச்சு வாங்காது, இறங்கும்போது முட்டி வலிக்காது. உச்சி என்று ஒன்று இல்லாததால், "இன்னும் எவ்வளவு தூரம்ப்பா?" என்று பிள்ளை நச்சரிக்காது. ஒரு மலையை இந்த நிலைக்குக் கொண்டுவரும் செய்முறையும் சிக்கலானதல்ல. முதலில் வருவாய்த்துறைக் கணக்கில் அதன் பெயரைப் பார்க்க வேண்டும். ஊரார் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருப்பார்கள். படுத்த யானை மாதிரி இருக்கிறது என்று கிழவிகள் வைத்த பெயர் ஒன்று, மாடு மேய்க்கிற பையன்கள் வைத்தது இன்னொன்று. கணக்கில் இருப்பது ஒரே பெயர்: கல்லாங்குத்துப் புறம்போக்கு. தெருச்சண்டையில் ஒருவரைத் திட்ட நாம் எடுக்கிற அதே சொல்தான். விளையாது, வரி தராது, கேட்க நாதி கிடையாது. அதன்மேல் ஆடு மேய்வதையும், மழைத்தண்ணீர் வழிந்து கீழே ஏரிக்கு இறங்குவதையும், பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடிப்போய் ஏறிச் சூரியன் இறங்குவதைப் பார்ப்பதையும் எழுதிக்கொள்ள அடங்கல் பதிவேட்டில் கட்டம் எதுவும் இல்லை.

கட்டத்துக்குள் வராததைக் குத்தகைக்கு விடுவது சுலபம். அப்புறம் எல்லாம் கடகடவென்று நடக்கும். கம்பிரஸரால் துளை போடுவார்கள், துளைக்குள் மருந்தை இறக்குவார்கள், சங்கு ஊதும், வெடிக்கும். ஊருக்குள் சமையல்கட்டுப் பாத்திரம் ஒருமுறை குதித்து உட்காரும். சரிந்த பாறை டிப்பரில் ஏறும். டிப்பர் கிரஷருக்குப் போகும். கிரஷரின் ஒரு வாயில் மலை போகும், மறுபக்கம் ஒன்றரை ஜல்லி, முக்கால் ஜல்லி, சிப்ஸ், எம்-சாண்ட், பூச்சு வேலைக்கு பி-சாண்ட் என்று தரம் பிரிந்து கூம்பு கூம்பாகக் குவியும். தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் குவியல்களே குட்டி மலைகள் மாதிரி அழகாகத்தான் இருக்கும். கிட்டே போனால் இருமல் வரும். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதையைச் சின்ன வயதில் கேட்டுச் சிரித்திருக்கிறோம். அந்தக் கதையில் எலியாவது கிடைத்தது.

சட்டமே இல்லாமல் நடக்கிறதோ என்று யாரும் பதறவேண்டாம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959 முதல் இருக்கின்றன. பெயரிலேயே சலுகை இருப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுங்கள். குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் தோண்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. 2021 நவம்பரில் அரசுக்கு இன்னும் ஒரு நல்ல எண்ணம் தோன்றியது. சரணாலயம், தேசியப் பூங்கா, யானை வழித்தடம், காப்புக்காடு ஆகியவற்றின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்று விதியைத் திருத்தினார்கள். அந்த நல்ல எண்ணத்தின் ஆயுள் 13 மாதம். 2022 டிசம்பரில் விதியை மறுபடி எடுத்து, காப்புக்காடு என்ற ஒரே ஒரு சொல்லை மட்டும் பட்டியலிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். மலையைப் பெயர்க்கத்தான் வெடிமருந்து வேண்டும். சொல்லைப் பெயர்க்க ஒரு பேனா போதும்.

செங்கல்பட்டைச் சுற்றி மிஞ்சியிருக்கிற குன்றுகளில் பல இந்தக் காப்புக்காட்டுக் கணக்கில்தான் வருகின்றன என்பதை எதற்கும் சொல்லிவைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு அறிவும் வளர வேண்டும் என்று நினைக்கும் பெற்றோருக்குப் பல்லாவரம். மாவட்டத்தின் வடக்கு முனை. 1863 மே மாதம் இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் இங்கே சரளைக்கல் மண்ணுக்குள்ளிருந்து ஒரு கற்கோடரியை எடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சாட்சி அது. ஆக, இந்த மண்ணில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய செங்கல்பட்டுக்காரன் கல் உடைத்தவன். ஒரு கோடரிக்கு ஒரு கல் எடுத்தான். அதோடு நிறுத்திக்கொண்டான், பாவம், காட்டுமிராண்டி.

அதே பல்லாவரம், பரங்கிமலைப் பாறைதான் உலகத்து நிலவியல் பாடப்புத்தகங்களில் எல்லாம் இருக்கிறது. கல்கத்தாவை நிறுவியதாகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இங்கிருந்து கல் போனது. அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான் தாமஸ் ஹாலந்து என்பவர் இந்தவகைப் பாறைக்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயசான பாறை. பெயர் மட்டும், செத்துப்போன ஒரு கம்பெனிக்காரருடையது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்து ஒரு துண்டு இடத்துக்குப் பலகையும் நட்டிருக்கிறது. நினைவுச்சின்னம் என்ற சொல்லை எவ்வளவு பொருத்தமாகத் தேர்ந்திருக்கிறார்கள் பாருங்கள். பக்கத்தில் திரிசூலம். நான்கு பக்கமும் குன்றுகள் சூழ நடுவே சிவன். சாமியைத் தொடவில்லை, பயபக்தி உண்டு. சுற்றி நின்ற குன்றுகளைத்தான் பல வருடம் கடித்துக் கடித்துத் தின்றார்கள். அதற்கும் மேற்கே திருநீர்மலை. ஒருகாலத்தில் மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் திருமங்கையாழ்வார் தண்ணீர் வடிய ஆறுமாதம் காத்திருந்து தரிசனம் செய்தார் என்பது தலவரலாறு. இப்போதும் அந்த வட்டாரத்தில் தண்ணீர் நிற்கிறது. குவாரிக் குழிகளில். அது வடியாது.

இந்தக் குழிகளைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுத என்னால் முடியவில்லை. முயன்று பார்த்தேன்.

மேலே போக மலை இல்லாத ஊரில் பிள்ளைகள் கீழே போகிறார்கள். வேறென்ன செய்வார்கள்? மே மாதம், வெயில், பள்ளிக்கூடம் லீவு. வீடு இருப்பது ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. எதிரே பச்சை நிறத்தில் ஆழம் தெரியாத தண்ணீர். சுற்றிலும் செங்குத்தாக வெட்டிய பாறைச் சுவர். ஏரி மாதிரி படிப்படியாக ஆழம் கூடாது, முதல் அடியே 50 அடி. கால் வழுக்கினால் பிடித்து ஏற ஒரு வேர் கிடையாது. பையன் போவான். அவனைப் பிடிக்கப்போன இன்னொரு பையனும் போவான். மறுநாள் நாளிதழில் உள்ளூர்ப் பக்கத்தில் எட்டு வரி. 'கல்குவாரிக் குட்டையில் மூழ்கி' என்று தொடங்கும் அந்தச் செய்தியை அச்சுக்கோத்தே வைத்திருப்பார்கள்போல. பெயரையும் வயதையும் மட்டும் மாற்றினால் போதும். குத்தகை முடிந்தால் குழியைச் சுற்றி வேலி போட வேண்டும், மூட வேண்டிய இடத்தை மூட வேண்டும் என்று விதி இருக்கிறது. மலை இருந்தவரை குத்தகைதாரர் இருந்தார். குழி வந்தபின் யாரும் இல்லை. எச்சரிக்கைப் பலகை ஒன்று சாய்ந்து கிடக்கும். அதில் சினிமா போஸ்டர்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் 23 பேர் இறந்தார்கள். அந்த வருடமே மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. அனுமதி, வழிகாட்டி, கட்டணம், தீப்பருவத்தில் தடை. வரவேண்டியவைதான். மலைமேல் இறந்தவர்களுக்காக விதி வந்தது. மலையைத் தோண்டிய குழிக்குள் வருடா வருடம் ஒருவர் இருவராக இறக்கிற பிள்ளைகளுக்காக எந்த அமைச்சர் எந்த இரவு தூங்காமல் இருந்தார்? மொத்தமாகச் செத்தால்தான் கோப்பு நகருமென்றால் அதையாவது ஊரறியச் சொல்லிவிடலாம்.

சரி. கேட்டவருக்கு மலை சொல்ல வேண்டும்.

நிஜமாகவே நிற்கிற மலைகளைப் பார்த்ததில் ஒரு சூத்திரம் பிடிபட்டது. உச்சியில் ஒரு லிங்கம் இருக்க வேண்டும். அல்லது ஒரு சிலுவை, ஒரு தர்கா, ஒரு தொல்லியல்துறைப் பலகை. ஆள் இல்லாத மலை அநாதை மலை. அச்சிறுபாக்கத்தில் மழை மலை மாதா மலையும் நிற்கிறது, சிவன் இருக்கிற வஜ்ஜிரகிரியும் நிற்கிறது. சிங்கப்பெருமாள் கோவிலில் நரசிம்மர் குன்றோடு குன்றாக இருப்பதால், அவரைப் பிரதட்சணம் செய்யவேண்டுமென்றால் குன்றையே சுற்றிவரவேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு ஐந்து நிமிடம். அனுமந்தபுரம் பக்கத்துக் குன்றுகளும் நன்றாகத்தான் இருக்கின்றன. அங்கே துப்பாக்கி சுடும் பயிற்சித்தளம் இருப்பதால் மலைக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது: குண்டு தாண்டிப் போகாமல் தடுப்பது. பிள்ளைகளோடு போவது உசிதமல்ல.

குடும்பத்தோடு போக மாவட்டத்தின் முதல்தரமான ஏற்றம் திருக்கழுக்குன்றம்தான். வேதகிரி. 500க்கும் மேற்பட்ட படிகள். மெதுவாக ஏறினாலும் அரைமணிக்கு மேல் ஆகாது. நடுநடுவே உட்கார மண்டபம், ஏற முடியாதவர்களுக்கு டோலி, மேலே போனால் சங்குதீர்த்தக் குளமும் ஊரும் தென்னந்தோப்புகளும் கண்ணுக்குள் அடங்காமல் விரியும். தேவார மூவரும் பாடிய தலம். இறங்குகிற வழியில் ஒருகல் மண்டபம் என்ற பல்லவர் குடைவரை இருக்கிறது. அதன் சுவரில் 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினம் பக்கத்திலிருந்து பொழுதுபோக்க வந்த டச்சுக்காரர்கள் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். காதலி பெயரைப் பாறையில் எழுதுகிற பையனை அடுத்தமுறை திட்டும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பொறுத்திருந்தால் அவனும் கல்வெட்டு ஆகிவிடுவான்.

இந்த மலையில் பிள்ளைகளுக்குக் காட்டவேண்டிய ஒன்றை மட்டும் காட்ட முடியாது. கழுகு. என் பாட்டி பார்த்தாள், அம்மா பார்த்தாள், ஐந்தாம் வகுப்பில் நானும் பார்த்தேன். உச்சிப்பொழுதில் அர்ச்சகர் பித்தளைத் தட்டில் சர்க்கரைப் பொங்கலோடு பாறைமேல் உட்காருவார். எங்கிருந்தோ இரண்டு வரும். மஞ்சள் முகம், வெளுத்த உடம்பு, நடை மட்டும் அசல் கோழி நடை. தின்னும், அலகைத் துடைக்கும், போய்விடும். காசியில் குளித்து இராமேசுவரத்தில் தரிசித்து வருகிற முனிவர்கள் என்று அம்மா சொல்லுவாள். பறவை நூல்களில் அதற்கு மஞ்சள்முகப் பாறு என்று பெயர். பிணம் தின்று ஊரைச் சுத்தம் செய்யும் சாதி. 1990களின் கடைசியில் வரவு நின்றது. கலி முற்றிவிட்டது என்றார்கள். பக்கத்துக் குன்றுகளில் வெடிச்சத்தம் என்றார்கள். நாடு முழுக்கப் பாறுகள் செத்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகின் சிறுநீரகத்தை அழித்தது என்று கண்டுபிடித்து, 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். முனிவர்களைச் சபிக்க நமக்குத் தவவலிமை தேவைப்படவில்லை. ஒரு ஊசி போதும் என்றாகிவிட்டது. ஊர்ப் பெயரில் மட்டும் கழுகு இன்னும் உட்கார்ந்திருக்கிறது, பேருந்துப் பலகைக்காக.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் மூன்று கிலோமீட்டரில் வல்லம். இதை யாரும் சொல்லமாட்டார்கள். சின்னக் குன்று. மூன்று குடைவரைகள். மகேந்திரவர்மப் பல்லவனுக்கு அடங்கிய ஒரு சிற்றரசனின் மகன் கந்தசேனன் என்பவன் மேலே உள்ளதைக் குடைந்துவிட்டு, நான் செய்தது என்று தமிழிலேயே வெட்டிவைத்திருக்கிறான். 1,400 வருடத்துக்கு முந்தைய எழுத்து. ஐந்து வயதுக்காரி தன் சொந்தக் காலால் ஏறிவிடுவாள். நான் போன ஞாயிற்றுக்கிழமை மேலே ஒரு குடும்பமும் இல்லை. கீழே மரத்தடியில் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து பிளாஸ்டிக் டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஏறும் வழியெல்லாம் பச்சையும் பழுப்புமாகக் கண்ணாடிச் சில்லு. மலையைக் கிரஷர்காரர் உடைக்கிறார், நாம் பாட்டில் உடைக்கிறோம். ஆளுக்கு முடிந்ததை.

கடைசியாக மாமல்லபுரம். அங்கே இருப்பதை யாரும் மலை என்று நினைப்பதேயில்லை. கார் நிறுத்துமிடம், ஐந்து ரதம், கடற்கரைக் கோயில், மீன் வறுவல் என்று முடித்துவிடுகிறார்கள். அர்ச்சுனன் தபசுக்கு மேலே ஏறி, வராகர் மண்டபம், பாதியில் விட்ட ராயகோபுரம், மகிசாசுரமர்த்தினி குகை, அதற்கு மேலே ஒலக்கணேசுவரர் கோயில் என்று கலங்கரை விளக்கம் வரைக்கும் ஒரு கல் முதுகு நீண்டு கிடக்கிறது. நடக்கப் பிறந்த பாறை. கடல்காற்று வேறு. வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் சறுக்கி, கால்சட்டை கிழிந்து, அடி வாங்கி, மறுபடி சறுக்கி, கல் கண்ணாடியாகிவிட்டது. பல்லவச் சிற்பி உளி படாமல் விட்ட இடத்தைப் பிள்ளைகள் பின்புறத்தால் செதுக்கியிருக்கிறார்கள்.

அந்த உருண்டையை 1908இல் சென்னை கவர்னராக இருந்த ஆர்தர் லாலி ஏழு யானைகளைக் கட்டி இழுத்துப் பார்த்ததாகவும் அசையவில்லை என்றும் வழிகாட்டிகள் சொல்லுவார்கள். கவர்னருக்கு விவரம் போதவில்லை. இழுப்பானேன்? அதன் எடை சுமார் 250 டன் என்கிறார்கள். 2025 ஏப்ரலில், குவாரிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், சாதாரணக் கல்லுக்கு அரசு குறைத்து நிர்ணயித்த சீனியரேஜ் என்ற உரிமைத்தொகை டன்னுக்கு 33 ரூபாய். பெருக்குங்கள். 8,250 ரூபாய். கனிம நிலவரி என்று இன்னொன்று உண்டு, அதையும் சேர்த்துக் கட்டினாலும் ஒரு புது ஸ்கூட்டர் வாங்கக் காணாது. உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ 1984இல் எழுதிக் கொடுத்திருக்காவிட்டால், கிருஷ்ணன் கைநழுவவிட்ட வெண்ணெய்க்கு நம் கஜானா சொல்லும் விலை இதுதான்.

2019 அக்டோபர் 11 அன்று மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் இந்தப் பாறைக்கு முன்னால் கைகோத்து உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முன் சில வாரம் ஊரில் நடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். சாலை மினுங்கியது, தெருவோரக் கடைகள் மறைந்தன, புல்வெளி முளைத்தது. மறுநாள் காலை பிரதமர் கடற்கரையில் குப்பை பொறுக்கினார். அன்றைக்கு மாமல்லபுரத்தில் பொறுக்குவதற்குக் குப்பை எப்படிக் கிடைத்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்காத புதிர். 2022இல் சதுரங்க ஒலிம்பியாட் வந்தபோது இன்னொருமுறை ஊரைத் துடைத்தார்கள். எங்கள் குப்பைக்கு மரியாதை தெரியும். விருந்தாளி வந்தால் ஒளிந்துகொள்ளும், நாம் போனால் உரிமையோடு வந்து காலைச் சுற்றும்.

தலைவர்கள் போன இரண்டு மாதத்தில், யுகயுகமாகச் சும்மா நின்ற பாறையைப் பார்க்க 40 ரூபாய் டிக்கெட் வந்தது. இங்கேதான் எனக்கு ஒரு கணக்கு உதைக்கிறது. 207 பேர் டிக்கெட் வாங்கினால், அந்தப் பாறையை உடைத்தால் கிடைக்கும் சீனியரேஜ் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குள் 207 பேர் வந்துவிடுவார்கள். பாறையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அங்கேயே நிற்கும். நிற்கிற மலை உடைகிற மலையைவிட லாபம் என்பதைப் பெருக்கல் தெரிந்த ஒன்பது வயசுப் பையன் சொல்லிவிடுவான். கோட்டையில் ஒருவருக்குமா வாய்ப்பாடு மறந்துபோயிற்று? (இந்த யோசனையை அச்சில் ஏற்றியிருக்கக் கூடாதோ என்னவோ. நாளைக்கே வல்லத்துக்கும் டிக்கெட் போட்டுவிடுவார்கள்.)

மலைமேல் அரசுக்கு அக்கறை இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகும். 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று தரம் பிரித்து, பயிற்சி பெற்ற பழங்குடி வழிகாட்டிகளோடு. நல்ல திட்டம். கிண்டல் இல்லை, அந்த இளைஞர்களுக்கு வேலை கிடைத்திருக்கிறது. 14 மாவட்டங்களில் செங்கல்பட்டு கிடையாது. எங்களுக்கு ஆகப் பக்கம் திருவள்ளூர் மாவட்டத்துக் குடியம் குகை. ஏன் எங்கள் பெயர் இல்லை என்று முதலில் கோபப்பட்டேன். பிறகு புரிந்தது. அங்கேயும் தரம் பிரிக்கிறார்கள், இங்கேயும் தரம் பிரிக்கிறார்கள். அங்கே எளிது, நடுத்தரம், கடினம். இங்கே முக்கால், ஒன்றரை, எம்-சாண்ட். மனிதன் மலைக்குப் போக ஒரு துறை சீட்டுக் கொடுக்கிறது, மலை மனிதனிடம் போக இன்னொரு துறை நடைச்சீட்டுக் கொடுக்கிறது. இரண்டும் இப்போது ஆன்லைனில். முதலாவதில் ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று உச்சவரம்பு உண்டு, பாறை தேய்ந்துவிடக் கூடாதாம்.

நன்மங்கலத்தைச் சொல்ல மறந்தேன். தாம்பரம் பக்கத்துக் காப்புக்காடு. நடுவில் கைவிட்ட பழைய குவாரி ஒன்று இருக்கிறது. வெட்டுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. செங்குத்துப் பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை குடியேறிக் குஞ்சு பொரிக்கிறது. யாரும் திட்டம் போடவில்லை, நிதி ஒதுக்கவில்லை, குத்துவிளக்கு ஏற்றவில்லை. மனிதர்கள் கையை எடுத்தார்கள், அவ்வளவுதான்.

நண்பரிடம் வல்லத்தையும் திருக்கழுக்குன்றத்தையும் எழுதிக் கொடுத்தேன். பெயரைப் பார்த்தார். "இதெல்லாம் லோக்கல் சார். பசங்க ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிக்கற மாதிரி இல்லையே" என்றார். ஏலகிரி போய்வந்தார்கள். போக வர 400 கிலோமீட்டருக்கு மேல். ஒரகடம் வரைக்கும் தார்ப்பாய் போடாத டிப்பர் ஒன்றின் பின்னாலேயே ஊர்ந்தார்களாம். முக்கால் ஜல்லி ஒன்று தெறித்து முன்கண்ணாடியில் விரிசல். இன்ஷூரன்ஸ்காரர் அது கிளெய்மில் வராது என்கிறாராம். பெரியவன் வழியெல்லாம் வாந்தி, சின்னவள் மலைமேல் போட்டிங் போனாள். யாரும் எதிலும் ஏறவில்லை. ரிசார்ட்டில் நீச்சல்குளம் இருந்தது.

போன மாதம் எங்கள் குடியிருப்பின் நுழைவாயிலில் புதிதாக ஒரு மலை வந்திருக்கிறது. எட்டடி உயரம், கம்பி கட்டி, சிமெண்டு பூசி, சாம்பல் பெயிண்ட் அடித்தது. மோட்டார் போட்டால் அருவி விழும். பராமரிப்புக் கட்டணத்தில் வீட்டுக்கு ஆயிரத்து இருநூறு கூட்டியிருக்கிறார்கள். முதல்நாள் சாயந்திரமே சின்னவள் பாதி ஏறிவிட்டாள். செக்யூரிட்டி ஓடிவந்து இறக்கிவிட்டார். மறுநாள் காலை மலையடிவாரத்தில் எவர்சில்வர் பலகை நட்டாயிற்று: குழந்தைகள் ஏறக்கூடாது.